வாய்க்காலை யார் தூர்வாருவது?

பிச்சாவரம் காடு ஏன் தேய்ந்தது என்று 1990களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் மாட்டை உள்ளே விடுகிறார்கள், விறகுக்கு வெட்டுகிறார்கள், ஜனத்தொகை கூடிவிட்டது. அதிகாரிகள் சொன்னார்கள், சிதம்பரத்துப் படித்தவர்கள் சொன்னார்கள், கடைசியில் ஊர்க்காரர்களே சொன்னார்கள். கிள்ளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், “எங்க மேலதாம்மா தப்பு, வயித்துக்காக வெட்டிப்புட்டோம்” என்று கைகட்டி நின்றார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிற அளவுக்கு அந்தக் கதை ஊறிப்போயிருந்தது.

நான் சமூகப் பணியாளர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையோடு சேர்ந்து பிச்சாவரத்தில் நடத்திய அலையாத்திக் காட்டு மீட்புப் பணியில் ஊர்களோடு பேசுவது என் வேலை. விஞ்ஞானிகள் மண்ணையும் நீரையும் அளந்தார்கள். நான் ஊருக்குள் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலில் முக்கால்வாசி உட்கார்ந்திருப்பதுதான். கையில் நோட்டு இருந்ததால் ஊரில் எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் உப்பனாறும் எண்ணற்ற ஓடைகளும் திட்டுகளும். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். படகுத்துறையில் டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் பார்ப்பது ஓடையின் இருகரையிலும் வேரூன்றி நிற்கும் சுரபுன்னையை. ‘இதயக்கனி’ படத்தில் எம்ஜிஆர் படகில் போன இடம் என்று துடுப்புக்காரர் காட்டுவார். கரையோர வரிசையைத் தாண்டி உள்ளே நடந்தால் வேறு காட்சி. அங்கே வெண்கண்டல் நிற்க வேண்டிய இடத்தில் வெட்டவெளி. தரையில் உப்பு பூத்திருக்கும், அங்கங்கே உமரிச் செடி. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இன்று தேடிப் பார்க்கக் கிடைப்பதும் இந்தக் காட்டின் ஓரங்களில்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் ஆடுமாடுகூட அதைத் தொடுவதில்லை. கால்நடைதான் காட்டைத் தின்றது என்று நம்பியவர்களுக்கு அதுவே ஒரு சான்றாகத் தெரிந்தது: தின்ன முடியாத மரம் தப்பித்தது பாருங்கள் என்றார்கள்.

வெட்டவெளி எப்படி வந்தது என்பதற்கு வி. செல்வம் முதலான விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விடை, அரசாங்கத்தின் பழைய கோப்புகளில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை, வருவாய்க்காக இந்தக் காட்டைக் கூறுபோட்டு, கூறு முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. அது வளரவில்லை. நிழல் போனதும் வெயில் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சியது. மண் சுருங்கி, வெட்டிய கூறு மட்டும் தாம்பாளம்போல நடுவில் அமிழ்ந்துவிட்டது. அமாவாசை, பௌர்ணமிக்கு ஏறும் வெள்ளம் அதற்குள் போகும். நீர் இறங்கும் வத்தத்தில் வெளியே வராது. பிச்சாவரத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது, தண்ணீரை இழுத்து வெளியே தள்ள அதற்குப் பலமில்லை. நின்ற நீர் காய்ந்து உப்பாகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இந்தப் பள்ளத்து மண்ணில் அதைவிடப் பல மடங்கு. எந்த விதை வந்து ஒதுங்கினாலும் கருகிவிடும். மேலே மேட்டூரும் மற்ற தேக்கங்களும் வந்தபின் கொள்ளிடத்து நன்னீர் குறைந்துபோனது இன்னொரு அடி.

மாடு மேய்ந்தது உண்மை. விறகு வெட்டியதும் உண்மை. ஆனால் காட்டின் நடுவில் அமிழ்ந்த பள்ளத்தை மாடு உண்டாக்கவில்லை. இதை ஊரில் சொன்னபோது உடனே யாரும் நம்பவில்லை. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசவைக்கிறாயா என்று ஒருவர் கேட்டார். மெல்ல மெல்லத்தான், கூப்பு என்ற அந்தக் கூறுமுறை வெட்டில் கூலிக்குப் போன ஆட்களே எழுந்து, எந்த வருஷம் எந்தத் திட்டில் வெட்டினோம், கட்டைகள் எந்த வழியாகப் போயின என்று சொல்லத் தொடங்கினார்கள். கைகட்டி நின்றவர்கள் சாட்சி சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்துதான் இந்தப் பணி நடந்தது என்பது என் கருத்து. குற்றவாளியாக நடத்தப்படுகிறவரிடம் போய் ‘பங்கேற்பு’ கேட்டால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

தலையாட்டல் எனக்குப் பழகிய விஷயம். மக்கள் பங்கேற்பு மதிப்பீடு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தரையில் கோலமாவால் ஊர்ப்படம் வரையச் சொல்வது, புளியங்கொட்டை வைத்து எது முக்கியம் என்று எண்ணச் சொல்வது. நல்ல உத்திதான். ஆனால் படம் யார் கையால் வரையப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்கள் வரைந்த படத்தில் ஓடைகளும் படகு கட்டும் இடமும் கோயிலும் இருந்தன. பெண்களைத் தனியாக உட்காரவைத்தபோது குடிதண்ணீர்க் குழாய், விறகுக்குப் போகும் பாதை, மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமுடியாமல் நிற்கும் இடம். அலையாத்தி மரம் இரண்டு படத்திலும் ஓரத்தில்தான் இருந்தது. கோலமாவு தீர்ந்துபோய், காலாண்டு அறிக்கைக்கு ‘சமூகம் காட்டின் முக்கியத்துவத்தை உணர்ந்துள்ளது’ என்று எழுதச் சொல்வார்கள். எழுதுவோம்.

ஊர் என்று ஒருமையில் சொல்வதும் அறிக்கைக்காரர்களின் பழக்கம். பிச்சாவரத்தைச் சுற்றி ஒரே ஊர் இல்லை. முடசலோடை, சின்னவாய்க்கால் போன்ற மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரான நாட்டார் வைத்ததுதான் சட்டம். கூட்டம் என்றால் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். முடிவு எடுத்தால் அது முடிவு. அவர்களுக்குக் காட்டைவிட முகத்துவாரம் முக்கியம், மணல் அடைத்தால் படகு கடலுக்குப் போகாது. அடுத்தது விவசாயக் குடிகள். நெல் அறுப்பு முடிந்தபின் மாட்டுக்குத் தீவனம் இல்லை. வெண்கண்டல் இலையை மாடு விரும்பித் தின்னும். மூன்றாவது எம்ஜிஆர் நகர், கலைஞர் நகர் இருளர்கள். காட்டோடு மிக நெருங்கி வாழ்ந்தவர்களும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான்.

இருளப் பெண்கள் இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். மணிக்கணக்கில் பேச்சே இருக்காது, வாயில் பறி இருக்கிறதே. வலையும் படகும் வைத்திருப்பவர் சிலரே. வலை வைத்தால் பக்கத்து ஊர்க்காரர்களோடு தகராறு. பட்டா இல்லை. இருளர் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இனம், அதிலும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பிரித்து வைத்திருக்கும் ஆறில் ஒன்று. ஆனால் சான்றிதழ் என்று போனால், “நீங்க மலையில இல்லையே, கடற்கரையில என்ன பழங்குடி?” என்று ஓர் அலுவலக மேசையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண்களோடு நானும் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, வீடு இல்லை.

காட்டைக் காப்பாற்ற வந்தவள் சாதிச் சான்றிதழுக்கு ஏன் அலைய வேண்டும் என்று எங்கள் பக்கத்திலேயே கேட்டவர்கள் உண்டு. திட்ட மொழியில் இதற்கு ‘நுழைவுப் பணி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: ஊருக்குள் நுழைய ஒரு குழாய், ஒரு சமுதாயக் கூடம் என்று ஏதாவது செய்துகொடுத்து, பிறகு காட்டு வேலையை ஆரம்பிப்பது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்ததே இல்லை, உள்ளே நுழைய லஞ்சம் கொடுப்பதைப் போல இருக்கிறது. பிச்சாவரத்தில் சான்றிதழும் பாதையும் குடிதண்ணீரும் காட்டு வேலையின் முன்னுரை கிடையாது, அவைதான் வேலை. தன் பெயரும் தெருவும் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒருவரிடம், காட்டுக்கான ஒப்பந்தக் காகிதத்தில் கைநாட்டு வாங்குவதற்கு என்ன மதிப்பு?

ஒவ்வொரு ஊரிலும் குழு அமைத்தோம். குடும்பத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று உறுப்பினர்கள். ஆண்டுதோறும் நுண்திட்டம்: என்ன வேலை, எந்த இடம், எவ்வளவு கூலி, யார் மேற்பார்வை. ஊரும் வனத்துறையும் நிறுவனமும் உட்கார்ந்து எழுத வேண்டும். கூட்டு வன மேலாண்மைக்கு மத்திய அரசு 1990 ஜூனில் வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. அது மலைக்காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தினம் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும் காட்டுக்கு அதை வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு நேரம் குறிப்பதே பெரிய பாடு. வெள்ளம் ஏறும் நேரத்தில் ஒரு ஊர் வராது, வத்தத்தில் இன்னொரு ஊர் வராது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் வாரத்தில் எந்த ஊரும் வராது.

தீர்வு என்று பார்த்தால் எளிமையானது. பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் போக வழி வேண்டும். பக்கத்து இயற்கை ஓடையிலிருந்து பிரதான வாய்க்கால் ஒன்று, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். உயரத்திலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மேலே அகலம், அடியில் குறுகல், அப்போதுதான் கரை சரியாது. வெள்ளமும் வத்தமும் தினம் வந்துபோக ஆரம்பித்தால் மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போய்விடும். அதன்பின் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல், கொஞ்சம் சுரபுன்னை. மரம் நடுவதற்கு முன் தண்ணீரைச் சரிசெய் என்பதுதான் இதன் சாரம். அமெரிக்காவில் ராபின் லூயிஸ் என்பவர் வாழ்நாள் முழுவதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸில் அதைக் கேட்காமல் சேற்றுப் பரப்புகளில் நட்ட கன்றுகள் பெருமளவு செத்துப்போயின.

வாய்க்கால் எந்தக் கோட்டில் போக வேண்டும் என்பதை மட்டக்கருவி சொல்லும். ஆனால் இருளர்கள் கருவிக்கு முன்பே சொன்னார்கள். எந்தப் பள்ளத்தில் வத்தத்துக்குப் பிறகும் முழங்கால் நனையும், எந்த ஓடை வாயில் மண் தள்ளும் என்பது அவர்களுக்குக் காலில் தெரியும். “தண்ணி எங்க நிக்குதுன்னு எங்களக் கேக்குறீங்களே, இதுதான் மொதத் தடவ டீச்சர்” என்று ஓர் அம்மா சிரித்தார். அளவெடுக்க வந்த பொறியாளர் முதலில் அதை ரசிக்கவில்லை. இரண்டொரு இடத்தில் கருவியும் அவர்களும் ஒன்றே சொன்னபின் கொடி நடும்போது அவர்களையே முன்னால் போகவிட்டார்.

வெட்டும் வேலை ஊர்க்குழுக்களுக்கே. மஸ்டர் ரோலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று தீர்மான நோட்டில் எழுதவைத்ததற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல, எல்லா ஊரிலும். மேய்ச்சலுக்கும் தீர்மானம் வந்தது: நட்ட இடத்தில் கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை மாடு விடக்கூடாது. ஆனால் மாடு வைத்திருப்பவர்கள் குழுவில் இல்லை! வாய்க்கால் வெட்டிய ஊரும் மாடு மேய்க்கும் ஊரும் வேறு, சாதியும் வேறு. இருளர் ஒருவர் மாட்டை விரட்டினால் அது வனப் பாதுகாப்பு என்பதற்கு முன்னால் சாதிச் சண்டை ஆகிவிடும். கடைசியில் நாட்டார்களும் விவசாயக் குடிப் பெரியவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசித்தான் அது அடங்கியது. பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு அத்தியாயமும் கிடையாது.

பலன் தெரிந்தது. பிச்சாவரத்தின் மரப்பரப்பு 1980களின் பிற்பகுதிக்குப் பிறகான 15 ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் கூடியதாக செயற்கைக்கோள் படங்களை வைத்து விஞ்ஞானிகள் 2003இல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். எங்கள் வாய்க்கால்கள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வெட்டு நின்றதும் ஒரு காரணம். ஆனால் இருளப் பெண்களுக்கு அந்தச் சதவீதம் முக்கியமாக இல்லை. புது வாய்க்கால்களில் இறால் குஞ்சு ஏறியது. காட்டுக்கு வெட்டிய வாய்க்கால் அவர்களுக்கு மீன்பிடி வாய்க்கால் ஆனது. எந்தப் பிரச்சாரமும் செய்யாத வேலையை அது செய்தது.

பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஊர்களை அலை அடித்துப் போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. அந்த வாரங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதன்பின் நடந்த விவாதம் மட்டும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்தி இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைந்தது என்று 2005இல் எழுதினார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் காப்பாற்றின, மரம் அல்ல என்று அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை வைத்து மறுத்தார்கள். எனக்கு இந்தச் சண்டை கொஞ்சம் வேடிக்கை. அந்த ஊர்கள் கடலிலிருந்து தூரத்தில் இருந்ததே நடுவில் காடு இருந்ததால்தானே?

விவாதம் எப்படியோ, ‘உயிர்வேலி’ என்ற பேச்சு பிறந்தது, பணம் கொட்டியது. கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கண்ட இடத்திலெல்லாம் சவுக்கு. நட்ட கன்றின் எண்ணிக்கைதான் எல்லா அறிக்கையிலும் முதல் வரி. தண்ணீர் எங்கே ஏறும், எங்கே இறங்கும், யார் நிலம் என்று கேட்க அவகாசம் இல்லை. நாங்கள் ஊர்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை நிதியாண்டு முடிவதற்குள் செய்யச் சொன்னார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். மீன்முள் வாய்க்கால் தானாக இயங்கும் எந்திரம் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் சேறு வந்து படியும். தூர்வாராமல் சில ஆண்டுகள் விட்டால் கிளை வாய்க்கால் முதலில் அடைபடும், பிறகு பிரதானம், பிறகு பழையபடி தண்ணீர் நிற்கும். மரம் வளர்ந்து வேர் பிடித்த இடம் தாங்கும். இளங்காடு தாங்காது. வெட்டுவதற்குப் பணம் தரும் நிதியங்கள் தூர்வாரத் தருவதில்லை. புதிதாகத் திறந்துவைத்துப் படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லையே. திட்டக்காலம் முடிந்தபின் பல வாய்க்கால்கள் மேடாவதை அதே இருளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்களே வாரலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே மண்வெட்டி வைத்தால் வழக்கு. தன் கையால் வெட்டிய வாய்க்காலில், தான் இறால் பிடிக்கும் வாய்க்காலில், சேறு அள்ளினால் குற்றம்! பங்கேற்பு என்று நாங்கள் கட்டியதெல்லாம் இந்த ஒரு முடிச்சில் வந்து நிற்கிறது. உழைப்பில் பங்கு கொடுத்தோம், கூலியில் பங்கு கொடுத்தோம், அதிகாரத்தில் கொடுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கென்யாவின் காசி விரிகுடாவில் ‘மிகோகோ பமோஜா’ என்ற பெயரில் ஊர்க்காரர்கள் தங்கள் அலையாத்திக் காட்டின் கார்பன் வரவை 2013 முதல் விற்று, அந்தப் பணத்தில் குடிநீரும் பள்ளிக்கூடத் தேவைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டை வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஊரின் பெயரில் இருப்பதால் அது நடக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம்முடைய 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு, மீனும் நீர்நிலைகளின் மற்ற விளைபொருள்களும் கூட்டு உரிமை என்று தெளிவாகச் சொல்கிறது. மலைக்காட்டில் தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் பேசப்படும் அந்தச் சட்டத்தை, ஓடையில் இறாலுக்குப் பேசுகிறவர்கள் குறைவு.

2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலம் ஆனது, பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். 2023இல் அலையாத்திக் காடுகளுக்காக மத்திய அரசு ‘மிஷ்டி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழக அரசுக்கும் ஈரநில இயக்கம் இருக்கிறது. பணமும் கவனமும் மறுபடி வருகிறது, நல்லதுதான். இந்தத் திட்டங்களை எழுத உட்காரும் இளைஞர்களுக்கு, அவர்களில் சிலர் என்னிடம் வந்து கேட்கவும் செய்கிறார்கள், நான் சொல்வது இவ்வளவுதான்: எத்தனை லட்சம் கன்று என்ற வரியைக் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். அதற்கு மேலே, ஆண்டுதோறும் தூர்வார எவ்வளவு தொகை, எந்த ஊர் அதைச் செய்யும், அந்த ஊர் அந்த ஓடைகளில் மீன்பிடிக்க என்ன உரிமை என்ற மூன்றையும் எழுதி, வனத்துறையின் கையெழுத்தை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் வாய்க்கால் வெட்டாதீர்கள்.